கடைசி ஆள் வந்து சேரும்வரை: சென்னையில் சைக்கிள் குழுவில் சேர ஒரு வழிகாட்டி

ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்குத் திருவான்மியூர் வழியாகப் போனவர்கள் அந்தக் கூட்டத்தைப் பார்த்திருப்பார்கள். சாலை விளக்கின் வெளிச்சத்தில் பத்து இருபது பேர் சைக்கிள்களோடு நிற்பார்கள். ஒருவர் டயரை விரலால் அழுத்திப் பார்ப்பார், இன்னொருவர் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருப்பார். சற்று நேரத்தில் சிவப்பு விளக்குகள் வரிசையாகக் கண்சிமிட்டியபடி கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிப் போய்விடும். நாமும் இவர்களோடு போனால் என்ன என்று நினைத்து, வீட்டில் இருக்கும் பழைய சைக்கிளை எண்ணித் தயங்கி நின்றுவிட்ட பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிய சைக்கிளுக்கு இப்போது அவசரமில்லை

குழுவில் சேரப் புது வண்டி வேண்டும் என்ற எண்ணம்தான் பலரை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறது. பிரேக் பிடிக்கிற, சக்கரம் ஆடாமல் சுற்றுகிற எந்தச் சைக்கிளும் முதல் இரண்டு மாதங்களுக்குப் போதும். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இந்த ஊரின் பாதி வீடுகளில் மாடிப்படிக்கு அடியில் கிடக்கின்றன. பள்ளியில் கிடைத்த விலையில்லா மிதிவண்டியில் வந்து முட்டுக்காடுவரை எங்களோடு ஓட்டிய கல்லூரி மாணவர் ஒருவர் உண்டு. அன்று அவருக்காக வரிசையின் வேகத்தைக் குறைத்தோம். அதில் யாருக்கும் எந்த நஷ்டமும் வரவில்லை.

முதலிலேயே பெரும் பணம் போட்டு வளைந்த கைப்பிடி கொண்ட பந்தயச் சைக்கிளை வாங்கியவர்கள், முதுகுவலியால் மூன்றாம் மாதமே அதை விற்றதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதம் ஓட்டுங்கள். உங்களுக்கு விருப்பமானது வேகமா, தூரமா, அல்லது வாரம் ஒருமுறை நண்பர்களோடு போய் இட்லி சாப்பிட்டு வருவதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். மூன்றுக்கும் வண்டி வேறுவேறு. குழுவில் யாராவது ஒருவர் எப்போதும் தன் பழைய வண்டியை விற்கக் காத்திருப்பார், அதையும் மனதில் வையுங்கள்.

ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. அதைப் புதிதாகவே வாங்குங்கள். ஒருமுறை கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கியிருக்கலாம் என்பதால் பழையது வேண்டாம். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் அது உட்கார வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டிய பிறகு தலையை ஆட்டினால் நகரக் கூடாது. முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. இந்த மூன்றுக்கும் பிறகு பணம் மீதமிருந்தால் ஒரு கைப்பம்ப்.

குழுவைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி

சென்னையில் குழுக்களுக்குப் பஞ்சமில்லை. ‘வீ ஆர் சென்னை சைக்ளிங் குரூப்’ போன்ற பெரிய அமைப்புகள் பகுதிவாரியாகப் பிரிந்து ஓட்டுகின்றன. நெடுந்தூரக்காரர்களுக்கு ‘மெட்ராஸ் ரேண்டனர்ஸ்’ இருக்கிறது. இவை போக, அடுக்குமாடிக் குடியிருப்பிலும் அலுவலகத்திலும் ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து ஓட்டும் பெயரில்லாத குழுக்களும் நிறைய. பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் சேர்ந்துகொண்டால் போதும், கட்டணம் இருக்காது. உங்கள் வீட்டுக்கு அருகில் கூடுகிற குழுவாகப் பாருங்கள். அதிகாலை நாலரைக்கு எழுந்து பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் போய்த்தான் மற்றவர்களோடு சேர முடியும் என்றால், மூன்றாவது வாரம் போர்வையே வெல்லும்.

சேருவதற்கு முன் அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: “வரிசையில் கடைசியாக யார் வருவார்?”

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் முதன்முதலில் சேர்ந்து போன ஒரு குழு கோவளம் தாண்டியதும் வேகமெடுத்தது. என் பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. கூப்பிட்டேன், கேட்கும் தூரத்தில் யாரும் இல்லை. கையில் பம்ப் இல்லை, ஒட்டத் தெரியாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். ஒரு மணி நேரம் கழித்து அவர்கள் எதிர்ப்பக்கச் சாலையில் திரும்பிப் போவதைப் பார்த்தேன். நான் இல்லை என்பதை அவர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். பின்னால் வருபவர்களைக் கவனிக்கும் வேலையை யாரிடமும் ஒப்படைக்காததுதான் தவறு.

நல்ல குழுவில் கடைசியாக ஒருவர் வருவார். சைக்கிள்காரர்கள் அவரை ‘ஸ்வீப்’ என்பார்கள். அவருக்குப் பின்னால் குழுவைச் சேர்ந்த யாரும் இருக்கக் கூடாது. நீங்கள் நின்றால் அவரும் நிற்பார். முன்னால் போகிறவர் குறிப்பிட்ட இடங்களில் நின்று, ஸ்வீப் வந்து சேர்ந்த பிறகே மீண்டும் கிளம்புவார். “ஸ்வீப் இன்னார்” என்று பெயர் சொல்லிப் பதில் வந்தால் நம்பிச் சேரலாம். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்” என்று வந்தால் வேறு குழு பாருங்கள். பெண்களும் வயதில் மூத்தவர்களும் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். பெண்களுக்கென்றே தனியாகப் பயணம் நடத்தும் குழுக்களும் இருக்கின்றன. முதல் சில வாரங்கள் அப்படித் தொடங்கிப் பிறகு பொதுக் குழுவுக்கு வந்தவர்கள் பலர்.

சனிக்கிழமை மாலை அரை மணி நேரம்

காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலையில் நேரம் இருக்காது. முதலில் காற்று. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று பி.எஸ்.ஐ. கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். தடித்த மலைச்சைக்கிள் டயருக்கு 30, 40 போதும். மெல்லிய பந்தய டயருக்கு 80ஐத் தாண்டும். வால்டியூப் போட்ட பழைய சைக்கிளானால் அந்த ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று கழற்றிப் பாருங்கள். சில்லறைக் காசில் முடியும் அந்தப் பொருள்தான் அதிகம் பேரை வழியில் நிறுத்துகிறது. குச்சி போல் மெலிந்த வால்வு உள்ள டயருக்குப் பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் அப்படியே பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து இருக்கையின் உயரம். சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே கொண்டுபோங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்கும். நம் ஊரில் பெரும்பாலானவர்கள் இருக்கையை மிகவும் தாழ்த்தி வைத்து ஓட்டுகிறார்கள். முழங்கால் வலிக்கிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இருக்கையை இரண்டு விரல் உயர்த்தியதுமே வலி போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

செயினுக்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம். மண்ணை இழுத்துப் பிசுக்காக்கிவிடும். சைக்கிள் கடையில் கிடைக்கும் செயின் எண்ணெயைச் சில சொட்டுகள் விட்டு, பழைய துணியால் துடைத்துவிடுங்கள். கடலோரச் சாலையில் ஓட்டினால் உப்புக் காற்று செயினைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும் என்பதால், வீடு திரும்பிய பிறகும் ஒருமுறை துடைப்பது நல்லது. இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பாருங்கள். ஒரு சிறு காகிதத்தில் உங்கள் பெயர், இரத்த வகை, வீட்டில் ஒருவருடைய எண் மூன்றையும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். கைபேசி பூட்டியிருக்கும்போது அந்தக் காகிதம்தான் பேசும். 108 எல்லோருக்கும் தெரிந்த எண்தான். அதை அழைப்பவர் தான் நிற்கும் இடத்தைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால், போகும் வழியில் ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் பார்த்தபடி போவதைப் பழக்கமாக்குங்கள்.

வரிசையில் ஓட்டுதல்

முதல் நாள் மாமல்லபுரம் வேண்டாம். திருவான்மியூரிலிருந்து அது சுமார் 45 கிலோமீட்டர், திரும்பி வர இன்னொரு 45. அக்கரை அல்லது உத்தண்டி சுங்கச்சாவடிவரை போய்த் திரும்புகிற பயணத்தில் சேருங்கள். அடுத்த மாதம் முட்டுக்காடு. அங்கே பாலத்தில் நின்று உப்பங்கழியைப் பார்க்கும்போது, இவ்வளவு தூரம் நம் காலே கொண்டுவந்ததா என்று தோன்றும். அந்த வியப்பு காரில் வந்தால் கிடைப்பதில்லை.

தனியாக எத்தனை ஆண்டு ஓட்டியிருந்தாலும் வரிசையில் ஓட்டுவது வேறு கலை. முன்னால் இருப்பவருடைய பின்சக்கரத்துக்கும் உங்கள் முன்சக்கரத்துக்கும் நடுவே, தொடக்கத்தில், ஒரு முழுச் சைக்கிள் நீளமாவது இடம் விடுங்கள். பழகியவர்கள் நெருங்கி ஓட்டுவார்கள். முன்னால் இருப்பவர் காற்றை வாங்கிக்கொள்வதால் பின்னால் வருபவருக்கு உழைப்பு நன்றாகவே குறையும். ஆனால் அந்த நெருக்கம் மாதக்கணக்கில் சேர்ந்து ஓட்டிய நம்பிக்கையில் வருவது. உங்கள் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஏறி நிற்கவே கூடாது. அவர் இலேசாக ஒதுங்கினால் போதும், விழப்போவது நீங்கள்தான்.

திடீரென்று பிரேக் பிடிக்காதீர்கள். நேர்கோட்டில் ஓட்டுங்கள். முன்னால் போகிறவர்கள் சாலையைப் பார்த்துப் பின்னால் சொல்லிக்கொண்டே வருவார்கள், நீங்களும் அதை வாங்கி உங்களுக்குப் பின்னால் இருப்பவருக்குக் கடத்த வேண்டும். கையைத் தாழ்த்தித் தரையைச் சுட்டினால் பள்ளம். உள்ளங்கை தெரியக் கையை உயர்த்தினால் நிற்கப்போகிறோம். முதுகுக்குப் பின்னால் கையை வலப்பக்கமாக அசைத்தால், இடது ஓரத்தில் வண்டி நிற்கிறது, ஒதுங்கு. பின்னாலிருந்து “வண்டி!” என்று குரல் வந்தால், பக்கத்தில் பேசிக்கொண்டு வந்தவர் உடனே ஒற்றை வரிசைக்குள் வந்துவிட வேண்டும். கைகாட்டப் பயமாக இருந்தால் வாயால் “பள்ளம்!” என்று கத்துங்கள், அது போதும். பார்த்துவிட்டுச் சொல்லாமல் போவதுதான் பிழை, ஏனென்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாது.

கடற்கரைச் சாலைக்கென்று சில ஆபத்துகள் உண்டு. ஓரத்தில் சேர்ந்திருக்கும் மணலில் மெல்லிய டயர் வழுக்கும். வண்ணம் பூசாத வேகத்தடைகள், எதிர்ப்பக்கமாக வரும் இருசக்கர வண்டிகள், இருட்டில் சாலையின் நடுவே படுத்திருக்கும் மாடுகள், எல்லாவற்றுக்கும் மேலாக இரவு முழுதும் விழித்திருந்துவிட்டு விடியலில் கார் ஓட்டி வருபவர்கள். ஆளில்லாத சாலையில் தூரத்திலிருந்து வேகமாக வரும் கார் சத்தம் கேட்டால், வழி உரிமையைப் பற்றி யோசிக்காமல் ஓரமாக ஒதுங்குங்கள். காதில் பாட்டுக் கேட்கும் கருவி எதுவும் வேண்டாம். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. நாய் துரத்தினால் வேகத்தைக் குறைத்து உறுதியான குரலில் அதட்டுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். பதறி வண்டியை ஒடித்தால் பின்னால் வரும் நாலு பேர் விழுவார்கள்.

காற்று, வெயில், தண்ணீர்

சென்னையில் ஜூன் மாதம் 5.45க்கே சூரியன் வந்துவிடும். ஜனவரியில் ஆறரை ஆகும். கிளம்பும் நேரத்தைக் குழு அதற்கேற்ப மாற்றும். கோடையில் எட்டரைக்குள் வீடு திரும்பிவிடும் பயணத்தையே தேர்ந்தெடுங்கள்.

வெயிலை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள், காற்றை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அக்டோபரிலிருந்து ஜனவரிவரை வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். தெற்கே போகும்போது அது முதுகில் தள்ளும். இவ்வளவு வேகமாக ஓட்டுகிறோமே என்று புதியவர் மகிழ்ந்துபோவார். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும், கால் ஏற்கெனவே களைத்திருக்கும். அந்த மாதங்களில் போகும்போது பலத்தைச் செலவழிக்காதீர்கள். திரும்பி வரும்போது வரிசையை விட்டு விலகாமல் யாருடைய முதுகுக்குப் பின்னாலாவது ஒதுங்கி வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அதற்குத்தான் வரிசை. தென்மேற்குப் பருவக் காற்றடிக்கும் மாதங்களில் கணக்குப் பெரும்பாலும் தலைகீழ்.

மணிக்கு அரை லிட்டராவது தண்ணீர் குடியுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு புட்டியில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்பும் எலுமிச்சையும் கலந்தது. கடலை மிட்டாயும் பேரீச்சம்பழமும் வெளிநாட்டு ஊட்டப் பொட்டலங்களைவிட மலிவானவை, என் அனுபவத்தில் வயிற்றுக்கும் நல்லவை. வழியில் இளநீர்க் கடை திறந்திருந்தால் குழு நிற்கும். தலை சுற்றல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது, பேச்சு தடுமாறுவது இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் உடனே சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு ஓட்டுவது வீரம் அல்ல. குழுவினர் உங்களை நிழலில் உட்கார வைத்து, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி, தேவைப்பட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்.

பஞ்சர் ஒட்டக் கற்றல்

முதல் மாதத்துக்குள் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். குழுவில் கேட்டால் ஒரு மாலை வேளையில் சொல்லித்தர ஆள் கிடைக்கும். தேவையானவை டயர் நெம்பும் இரண்டு பிளாஸ்டிக் லீவர், ஒரு மாற்று டியூப், ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன், உப்புத்தாள், பம்ப். எல்லாம் இருக்கைக்கு அடியில் தொங்கும் சிறு பையில் அடங்கும்.

சக்கரத்தைக் கழற்றி, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லீவரை நுழைத்து டயரின் ஒரு விளிம்பை மட்டும் வெளியே நெம்புங்கள். டியூபை உருவி எடுத்துக் காற்றடித்து, காதருகே கொண்டுபோய்ச் சுற்றுங்கள். காது பிடிக்காத மெல்லிய கசிவை உதடு பிடிக்கும். வீடானால் வாளித் தண்ணீரில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது பளபளப்பு போய் உலரும்வரை பொறுத்திருந்து ஒட்டுத் துண்டை வைத்து அழுத்துங்கள். எல்லோரும் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். ஈரத்தில் ஒட்டினால் அடுத்த கிலோமீட்டரில் பிடுங்கிக்கொள்ளும்.

டியூபை மீண்டும் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவுங்கள். கருவேல முள் அங்கே ஒடிந்து நின்றிருக்கும், வெளியே தலை தெரியாது. அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் மறுபடி நின்றவர்களைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். டயரைத் திரும்ப ஏற்றும்போது லீவரை விட்டுவிட்டுக் கட்டைவிரலால் தள்ளுங்கள், டியூப் நடுவில் சிக்காது. முதல்முறை முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். உங்களைச் சுற்றி நிற்பவர்களில் யாரும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். விளக்குப் பிடிப்பார்கள், பம்ப் அடித்துத் தருவார்கள், அவரவர் முதல் பஞ்சர் கதையைச் சொல்வார்கள்.

காபிக் கடையும் அதற்கு அப்பாலும்

பயணம் முடிந்ததும் கலைந்து ஓடிவிடாதீர்கள். இட்லியும் பொங்கலும் காபியுமாக உட்காரும் அந்த அரை மணி நேரத்தில்தான் குழு உருவாகிறது. வங்கி மேலாளரும் லேத் பட்டறைக்காரரும் பிளஸ் டூ மாணவியும் ஒரே மேசையில் செயின் எண்ணெயைப் பற்றிப் பேசுகிற இடம் இந்த ஊரில் வேறு அதிகம் இல்லை. பில்லைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மாணவர்களிடம் வாங்கக் கூடாது என்பது எங்கள் குழுவின் சொல்லப்படாத விதி. முன்னால் போய் முதலில் வந்தவர் கடை வாசலிலேயே நிற்பார், கடைசி ஆள் வரும்வரை உள்ளே போக மாட்டார்.

ஞாயிறு தவிர மற்ற நாட்களிலும் குழுவுக்கு வேலை உண்டு. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்தை ஒட்டி ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர்த் தெருக்களில் மெதுவாகச் சுற்றி வருவோம். வேகம் தேவையில்லாத பயணம் அது, புதியவர்களுக்கு ஏற்றது. நவம்பருக்குப் பிறகு, பழகியவர்கள் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்கப் போவார்கள். மாமல்லபுரம் பழகிவிட்டால் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைவரை நீட்டலாம். யாருக்காவது அடிபட்டு வீட்டில் இருந்தால் பார்க்கப் போவதும், புதிதாக வேலைக்கு வந்த வெளியூர்ப் பையனுக்கு வீடு தேடித் தருவதும் எந்த அட்டவணையிலும் இருக்காது, ஆனால் நடக்கும். வாட்ஸ்அப்பில் அரசியலும் காலை வணக்கப் படங்களும் போடாதீர்கள். வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு வர முடியாமல் போனால் இரவே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உங்களுக்காக இருபது பேர் இருட்டில் காத்திருப்பார்கள்.

தூரம் கூப்பிட்டால்

நூறு கிலோமீட்டர் பழகியபின் சிலருக்கு ‘பிரெவே’ ஆசை வரும். குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரப் பயணம் அது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி. நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவருக்கு ‘சூப்பர் ரேண்டனர்’ என்று பெயர். பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற அமைப்பின் விதிகளின்படி உலகமெங்கும் இது நடக்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் பயணத்துக்கு இந்தியாவிலிருந்தும் நூற்றுக்கணக்கானோர் போகிறார்கள். இதில் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. ஆனால் இங்கே ஸ்வீப்பும் கிடையாது. பஞ்சரை நீங்களே ஒட்ட வேண்டும், இரவில் நீங்களே வழி கண்டுபிடிக்க வேண்டும். அதனால் முதல் ஆண்டிலேயே இதற்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

ஒருநாள் உங்களிடம் கேட்பார்கள்

ஆறேழு மாதம் தொடர்ந்து வந்தால், ஒரு சனிக்கிழமை இரவு குழுவில் செய்தி வரும்: நாளை நீங்கள் ஸ்வீப்பாக வர முடியுமா? சரியென்று சொல்லுங்கள். உங்களுடையதைத் தவிர இன்னும் இரண்டு டியூப், ஒரு லிட்டர் தண்ணீர் கூடுதலாக, கட்டுத்துணி, மருந்து, ஒரு பொட்டலம் குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது தலைகளை எண்ணுங்கள், நிற்கும் இடந்தோறும் மறுபடி எண்ணுங்கள். முதல்முறை வந்தவருக்குச் சற்றுப் பின்னால் ஓட்டுங்கள். பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போனால், உங்களுக்காக அவர் வேகமாக ஓட்ட முயல்வார். அவர் நின்றால் நில்லுங்கள். “மன்னியுங்கள், என்னால் உங்களுக்குத் தாமதம்” என்று கட்டாயம் சொல்வார். அப்போது அவருக்குத் தண்ணீர்ப் புட்டியை நீட்டிவிட்டு, ஆறுதலாக வேறு ஏதாவது பேசுங்கள்.

திருவான்மியூருக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, முன்னால் போனவருக்கு ஒரு வரி அனுப்புங்கள்: “எல்லோரும் வந்துவிட்டோம்.” அவர் கடை வாசலில் அதற்காகத்தான் நின்றுகொண்டிருப்பார்.